மூன்றாம் லயத்து அமைதி

2003 மார்ச் 10, திங்கட்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். றக்வானைக்கு மேலேயுள்ள ஹப்புகந்தைத் தோட்டத்தில் மழை பெய்துகொண்டிருந்தது என்றும் சொல்ல முடியாது, பெய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. தேயிலை மலைகளின் மேல் படுத்திருந்த பனிமூட்டம் மருந்தகத்தின் தகரக் கூரையில் துளித்துளியாகத் திரண்டு, விளிம்பிலிருந்து அவசரமின்றிச் சொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே, தோட்டத்தின் மருத்துவ அதிகாரி கோபிகா ஒரு கைக்கடிகாரத்தை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அதன் முகத்தில் தெரிந்த எண்ணைப் படித்தார். பின்னர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மீண்டும் படித்தார். எண் மாறவில்லை.

“இருபத்திரண்டு” என்றார்.

“நேத்தவிடக் கொறைவுங்களா?” என்று கேட்டாள் மேசைக்கு அப்பால் நின்ற சுதர்ஷினி. கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குடன் அவள் வந்திருந்தாள்.

“நேற்றையிலும் குறைவு. முந்தநாளையிலும் குறைவு.”

அந்தக் கடிகாரம் நேரத்தையும் காட்டும். ஆனால் அதற்காக அதை எவரும் பார்ப்பதில்லை. ஒஸ்லோவில் வசித்த கோபிகாவின் அண்ணன், தாமும் ஓடப்போவதாகத் தீர்மானித்து அதனை வாங்கி, ஒரு வாரத்தில் அந்தத் தீர்மானத்தைக் கைவிட்டு, தங்கைக்கு அனுப்பியிருந்தார். அதனுடன் மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டி ஒன்றும் வந்தது. பட்டி ஒவ்வொரு துடிப்பையும் உணர்ந்து கடிகாரத்துக்குத் தெரிவிக்கும். கடிகாரம் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலுள்ள நேரத்தை அளந்து, அந்த இடைவெளிகள் தமக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை ஓர் எண்ணாகச் சொல்லும்.

நல்ல நெஞ்சு மணிக்கூடு போல அடிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. அது பிழையான நம்பிக்கை. ஓய்வாகப் படுத்திருக்கும் நலமுள்ள ஒருவரின் இதயம், மூச்சை உள்ளே இழுக்கும்போது சற்று விரைந்தும் வெளியே விடும்போது சற்றுத் தாமதித்தும் அடிக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வு பெரிதாக இருந்தால், முந்திய நாளின் ஓட்டத்திலிருந்து உடல் மீண்டுவிட்டது. இன்னும் கொஞ்சம் கேட்டாலும் கொடுக்கும். ஏற்றத்தாழ்வு சுருங்கி, துடிப்புகள் அளந்து வெட்டியவை போலச் சமமாகிவிட்டால், உடல் வேறு எதனுடனோ மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. அன்று அதனிடம் எதையும் கேட்கக் கூடாது.

சனவரியில் கோபிகா இதனை விளக்கியபோது சுதர்ஷினி அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. “இன்னைக்குக் கொழுந்து எடுத்த மலையில நாளைக்கே போயி எடுத்தா என்னங்க கெடைக்கும்? காம்புதான் கெடைக்கும். ஒரு வாரம் விட்டுட்டுப் போனாத்தானே தளிர்த்திருக்கும்” என்றாள். கோபிகா இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முயன்று பார்த்து, பின்னர் அந்த முயற்சியை விட்டுவிட்டார்.

ஆனால், அறிந்திருப்பது வேறு, அதன்படி நடப்பது வேறு. கூடுதலாகக் கிலோ நிறுத்தால் மெச்சும் இடத்தில் வளர்ந்தவள் சுதர்ஷினி. முந்திய ஆண்டு, இரத்தினபுரியில் தோட்டங்களுக்கிடையே நடந்த பெண்களின் நெடுந்தூர ஓட்டத்துக்கு முன்னர், விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு தடவையும், மாலையில் கொழுந்து நிறுத்த பின் ஒரு தடவையும் ஓடினாள். ஓட்டத்துக்கு முதல் நாளும் விடவில்லை. ஓட்டத்தில் பாதி தூரம்வரை எல்லோருக்கும் முன்னால் சென்றாள். அதன்பின் ஒரு இறப்பர் மரத்தடியில் உட்கார்ந்தாள், எழும்பவில்லை. எங்கும் நோவில்லை, கால்கள் மட்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன என்று பின்னர் சொன்னாள். வெற்றியை எதிர்பார்த்துத் தோட்டத்து முகாமையாளரான பெரியதுரை வாங்கிச் சென்ற மாலை, அதே வாகனத்தில் திரும்பிவந்து தோட்டத்துப் பிள்ளையாருக்குச் சாத்தப்பட்டது. பிள்ளையார் அதற்காக ஓடவேண்டியிருக்கவில்லை.

ஆகவே, இவ்வாண்டு பெரியதுரை ஒரு நிபந்தனை விதித்திருந்தார். சுதர்ஷினி ஓடலாம் என மருத்துவ அதிகாரி தம் கையொப்பத்துடன் எழுதித் தரவேண்டும். தராவிட்டால் தோட்டத்துக்குரிய ஒரேயோர் இடம் மேல்கணக்கு என்னும் மேற்பிரிவைச் சேர்ந்த வேறொரு பெண்ணுக்குப் போகும். முதல் மூவர் மாகாண அணிக்குச் சேர்த்துக்கொள்ளப்படுவர் என்றும் அறிவிக்கப்பட்டிருந்தது. சுதர்ஷினிக்கு இருபத்தேழு வயது. இந்தக் கால்களும் இந்த வாய்ப்பும் இன்னோர் ஆண்டும் சேர்ந்தே வருமென்று அவள் நம்பவில்லை. பலாங்கொடைப் பேருந்தில் போகும்போதுகூட, யன்னலோரம் அமர்ந்து அந்த ஓட்டத்தை மனத்துக்குள் ஓடிப் பார்ப்பாள். இறப்பர் மரத்தடி வந்ததும் தன்னை அறியாமல் காலை ஊன்றிக்கொள்வாள். ஓட்டம் மார்ச் 23 ஆம் திகதி. கையொப்பத்துக்கான கடைசி நேரம் வரும் சனிக்கிழமை நண்பகல்.

முதல் ஐந்து வாரங்கள் நன்றாகவே கழிந்தன. சுதர்ஷினி நாள்தோறும் கண்விழித்தவுடன் படுக்கையிலேயே ஐந்து நிமிடம் அளந்து, கடிகாரத்தை மருந்தகத்துக்குக் கொண்டுவருவாள். எண் பெரிதானால் மலையேறி ஓட்டம். சிறிதானால் சமதரையில் மெல்லோட்டம். கொழுந்தின் நிறை குறைந்த நாளுக்கு அரை நாட்கூலியாக அரைப் பேர் போடும் தோட்ட வழக்கப்படி, மெல்லோட்ட நாட்களை அவள் அரைப்பேர் நாள் என்றே அழைத்தாள். “இன்னைக்கும் அரைப்பேருங்களா டொக்டர்? கணக்கப்புள்ளகூட இப்புடிப் போட மாட்டாருங்க” என்று சிணுங்குவாள். எனினும் சொன்னபடி நடந்தாள். எண் முப்பதுகளிலிருந்து ஐம்பதுகளுக்கு ஏறியது. அவள் ஓடிய நேரமோ அதற்கேற்பக் குறைந்தது.

கடந்த ஒரு வாரமாகத்தான் எண் இறங்கத் தொடங்கியது. கோபிகா பயிற்சியைக் குறைத்தார். பயிற்சியைக் குறைத்தால் எண் ஏறவேண்டும். அது மேலும் இறங்கியது.

“உண்மையைச் சொல்லுங்கோ சுதர்ஷினி. களவா ஓடுறீங்களோ?”

“ஐயோ, இல்லைங்க டொக்டர்.”

“பின்னேரத்தில?”

“பின்னேரம் தண்ணிக்குப் போகவே அவரு விடுறதில்லைங்க. கொடத்த அவரே தூக்கிக்கிட்டுப் போறாரு. பீலிக்கரையில பொம்பளைக எல்லாம் சிரிக்கிறாங்க.”

“சிரிக்கட்டும். காய்ச்சல், தடிமன் ஏதும்?”

“இல்லைங்க.”

“நித்திரை?”

“நல்லா தூங்குறேங்க. எந்திரிக்கிறப்பதான்…” என்று தொடங்கிய சுதர்ஷினி நிறுத்திக்கொண்டாள்.

“எழும்பேக்க என்ன?”

“ஒண்ணுமில்லைங்க. எந்திரிச்சிர்றேன்.”

கோபிகா அவளை நம்ப விரும்பினார். ஆனால், நம்பிக்கைக்கும் இருபத்திரண்டுக்கும் இடையே ஒரு முரண்பாடு இருந்தது. அவர் பருத்தித்துறையைச் சேர்ந்தவர். பேராதனையில் படித்த காலத்தில் ஐயாயிரம் மீற்றர் ஓடியவர். தேர்வுக்கு முந்திய வாரத்தில் பயிற்சியாளருக்குத் தெரியாமல் ஓடும் மாணவிகளை அவர் அறிவார். அவர்களுள் ஒருத்தியை மிக நன்றாகவே அறிவார்.

அன்று பிற்பகல் சுதர்ஷினியின் கணவன் அஜந்தனை மருந்தகத்துக்கு அழைத்து விசாரித்தார். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை செய்த அஜந்தன், மனைவியின் ஓட்டத்தைத் தன் தலைமேல் தூக்கிச் சுமந்தான்.

“ஓடுறதா? நானுங்க அவள நடக்கவே விடுறதில்ல. நீங்க சொன்னதயெல்லாம் ஒண்ணு விடாமச் செய்றோம் டொக்டர். நீங்க சொன்ன நாள்லருந்து ரேடியோவத் தொட்டதே இல்லைங்க.”

அது உண்மைதான். பன்னிரண்டு குடும்பங்களின் காம்பராக்கள் ஒரே வரிசையில் ஒட்டிநின்ற மூன்றாம் லயம் முழுவதற்கும் அஜந்தனின் வானொலி பொதுச்சொத்து. காலை நாலரை மணிக்கு அது பாடத் தொடங்கும். பெரட்டுக்குப் புறப்படும்வரை ஓயாது. ஒருநாள் பாட்டுக்கு நடுவே அளந்த எண் தாறுமாறாக வந்தபோது, அளக்கும் நேரத்தில் கொஞ்சம் அமைதி வேண்டும் என்று கோபிகா அவனிடம் சொல்லியிருந்தார். அவன் அதை ஏற்றுக்கொண்டது அவருக்குத் திருப்தியளித்தது. ஆகவே அதைப் பற்றி மேலும் கேட்கவில்லை.

மறுநாள் உதவித்துரை நுஹ்மான் மோட்டார் சைக்கிளில் வந்தார். பலாங்கொடையைச் சேர்ந்த அவர், தோட்டத்து விளையாட்டு விவகாரங்களைப் பெரியதுரையின் சார்பில் கவனித்தார். பெரியதுரை அவற்றைத் தம் சார்பில் கவனிக்காததே அதற்குக் காரணம்.

“என்ன டொக்டர், இன்னம் முடிவு இல்லயா? பெரியதொர என்னயத்தான் கேக்குறாரு. ‘ஹார்ட் எப்படி, ஹார்ட் எப்படி’ன்னு. எனக்கு எண்ட ஹார்ட்டே எப்படின்னு தெரியல்ல.”

“சனிக்கிழமை சொல்லுறன்.”

“ஓடுவாவா மாட்டாவா, ஒரு வார்த்தை செல்லுங்களே.”

“ஒரு வார்த்தை சொல்லலாம். அது சரியான வார்த்தையா இருக்கவேணும்.”

நுஹ்மான் சென்றபின் கோபிகா ஓர் உபாயம் செய்தார். அன்றிரவு சுதர்ஷினியை மருந்தகத்தின் பிள்ளைப்பேற்று அறையில் தங்கவைத்தார். அங்கே இரண்டு கட்டில்கள். மற்றதில் மேல்கணக்குப் பெண் ஒருத்தி, பிறந்து மூன்று நாளான குழந்தையுடன் இருந்தாள். குழந்தை தன் வருகையை இரவு முழுவதும் அறிவித்தது. விடியுமுன்பே மருத்துவத் தாதி வாளிகளை உருட்டினார். தாயின் மாமியார் மிளகுரசத்துடன் வந்து, மருமகள் படுத்திருக்கும் முறையைக் குறைகூறினார். இத்தனைக்கும் நடுவே சுதர்ஷினி கண்விழித்து, பட்டியைக் கட்டி, ஐந்து நிமிடம் படுத்தாள்.

எண் ஐம்பத்தேழு.

கோபிகா இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். தர்க்கத்தில் பிழையில்லை, முடிவுதான் பிழை. சத்தம் நிறைந்த அறையில், தம் கண்காணிப்பில் தூங்கியபோது எண் ஏறுகிறது. அமைதியான வீட்டில் தூங்கும்போது இறங்குகிறது. ஆகவே வீட்டில் அவள் தூங்கவில்லை. விடியுமுன் எழுந்து ஓடுகிறாள். கணவனும் அதற்கு உடந்தை.

வியாழக்கிழமை அதிகாலை, நாலரை மணிக்குச் சற்றுப் பின்னர், கோபிகா கையில் டோர்ச்சுடன் மூன்றாம் லயத்துக்கு இறங்கினார். வாசலில் வைத்தே பிடித்துவிடுவது அவர் நோக்கம். அவ்வேளையில் லயத்தில் எவரும் எழுந்திருக்க மாட்டார்கள் என்றே எண்ணினார், ஏனெனில் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

வளைவு திரும்பியதும் நின்றார்.

லயம் முழுவதும் விழித்திருந்தது. பன்னிரண்டு காம்பராக்களிலும் விளக்கு எரிந்தது. பன்னிரண்டு அடுப்புகளும் புகைந்தன. மக்கள் வழக்கம்போல எல்லா வேலைகளையும் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் நீருக்கடியில் நடமாடுபவர்களைப் போல. ஒரு பெண் தண்ணீர் வாளியை இரு கைகளாலும் தூக்கிவந்து, முட்டையை வைப்பதுபோல நிலத்தில் வைத்தாள். ஒரு கிழவர் தலையணைக்குள் முகத்தைப் புதைத்து இருமினார். அழுவதற்கு ஆயத்தமாக உதட்டைப் பிதுக்கிய குழந்தையைத் தகப்பன் வாரியெடுத்து, அது வாயைத் திறக்குமுன் இரண்டாம் லயத்தை நோக்கிப் பாய்ந்தான். வரிசையாகக் கவிழ்த்த கூடைகளின் மேல் சாக்குகள் போர்த்தப்பட்டிருந்தன. உள்ளே சேவல்கள் பொழுது விடியாதென நம்பவைக்கப்பட்டிருந்தன.

லயத்தின் முனையில், கம்பளித் தொப்பி அணிந்து, தோட்டக் கமிட்டித் தலைவர் ஐயாவு போக்குவரத்துப் பொலிஸ்காரரைப் போல் ஒரு கையை உயர்த்தி நின்றார். டொக்டரைக் கண்டதும் மற்றக் கையின் விரலை உதட்டில் வைத்தார். பின் மரியாதை கருதி, அதே விரலால் வணக்கமும் செய்தார்.

“பத்து நாளாச்சுங்க” என்று காதருகே வந்து காற்றாகப் பேசினார். “கமிட்டி தீர்மானம். ஒரு சொட்டு சத்தம் இல்ல. போன வாரம் நம்ம முருகையாவுக்கு விக்கல் வந்திருச்சு. மனுசன் எந்திரிச்சு மலைக்குப் போயிட்டாரு. பௌ, பாவம்!”

யாழ்ப்பாணத்து வாசிகசாலைகளிலும் இப்படியோர் ஒழுக்கத்தைக் கோபிகா கண்டதில்லை. மனம் நெகிழ்ந்தது. தாம் சந்தேகப்பட்டதை எண்ணி வெட்கமும் வந்தது. ஆனால், அவர் வந்த கேள்வி அப்படியே இருந்தது.

அஜந்தன் கதவை ஓசைப்படாமல் திறந்தான். கீல்களுக்கு எண்ணெய் போட்டிருப்பதைச் சைகையால் பெருமையாகக் காட்டினான். உள்ளே சுதர்ஷினி பாயில் மல்லாந்து படுத்திருந்தாள். ஓடவில்லை, ஓடுவதற்கான அறிகுறியும் இல்லை. பட்டி மார்பில் இருந்தது, கடிகாரம் அளந்துகொண்டிருந்தது. கோபிகா அருகில் அமர்ந்து எண்ணைப் பார்த்தார். இருபது.

பிறகே அவளுடைய முகத்தைப் பார்த்தார். கண்கள் கூரைத் தகரத்தில் நிலைத்திருந்தன. தொலைவில் வரும் பேருந்தின் ஓசைக்குக் காத்திருப்பவள்போல, அவள் எதையோ உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன யோசிக்கிறீங்கள்?”

“ஒண்ணுமில்லைங்க.”

“சுதர்ஷினி.”

“யாரு செத்துட்டாங்கன்னு பாக்குறேங்க” என்றாள் அவள் மெதுவாக.

கோபிகாவுக்கு விளங்கவில்லை. அவள் முழங்கையை ஊன்றி எழுந்தாள்.

“எங்க லயத்துல விடியக்காலையில ரேடியோ பாடலைன்னா எழவுங்க டொக்டர். யாராச்சும் போயிட்டாத்தான் எல்லா வீட்டுலயும் நிப்பாட்டுவாங்க. சின்னதுலருந்து அப்புடித்தாங்க. கண்ண முழிக்கிறப்ப சத்தமில்லைன்னா நெஞ்சு திக்குன்னு ஆயிருது. அப்புறம் ஒவ்வொரு காம்பராவா மனசுல போயிப் பாப்பேன். மொதக் காம்பராவுல வாளி சத்தம் கேக்குதா? இல்ல. நாலாவதுல தாத்தா இருமுறாரா? இல்ல. அதுக்குள்ள அஞ்சு நிமிசம் முடிஞ்சிருதுங்க.”

“ஆனா ஒருத்தரும் சாகேல்லை எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே.”

“எனக்குத் தெரியுங்க. நெஞ்சுக்கு யாருங்க சொல்றது?”

கோபிகா கடிகாரத்தைப் பார்த்தார். இதைவிடத் துல்லியமான விளக்கத்தை அந்தக் கடிகாரத்துடன் வந்த கையேட்டில் அவர் படித்ததில்லை. ஓட்டத்தால் வந்த களைப்பைத்தான் அந்த எண் அளக்கும் என்று இத்தனை நாளும் தாம் கருதியது எவ்வளவு குறுகிய கருத்து என்பதும் அவருக்குத் தெரிந்தது. மலையேறி ஓடியதா, யாரோ இறந்துவிட்டதாக அஞ்சியதா என்று இதயம் பிரித்துச் சொல்வதில்லை. சுமை இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது.

“இதை முதலே சொல்லியிருக்கலாமே!”

“எப்புடிங்க சொல்றது? எனக்காகத்தானே எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டிருக்காங்க. சேவலுக்குக்கூட சாக்குப் போட்டிருக்காங்க. நான் போயி, சத்தம் போடுங்கன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?”

வாசலில் நின்ற அஜந்தனின் முகம் விழுந்துவிட்டது. “அப்ப நான்தானுங்களா டொக்டர் கெடுத்தது?”

“நீங்களில்லை. றேடியோவைக் கொஞ்சம் குறையுங்கோ எண்டு சொன்னது நான். எங்கட ஊரில அமைதி எண்டா அமைதிதான். இஞ்ச அதுக்கு வேற பொருள் இருக்கெண்டு நான் கேட்டு அறியேல்லை.” சற்று யோசித்தபின், நியாயத்தின் பொருட்டு, “ஆனா சேவலை மூடச் சொன்னது நானில்லை” என்றும் சேர்த்துக்கொண்டார்.

வெளியே ஐயாவு இதை எளிதில் ஏற்கவில்லை.

“சத்தம் போடணுமா? அது எப்புடிங்க? கமிட்டி கூடி எடுத்த தீர்மானம். சும்மா வாயால மாத்த ஏலாது.”

“அப்ப கமிட்டியைக் கூட்டுங்கோ.”

கமிட்டி பீலிக்கரையில் கூடியது. பழைய தீர்மானம் இன்னும் நடைமுறையிலிருந்ததால், அதை நீக்குவது பற்றிய விவாதம் முழுவதும் காதோடு காதாகவே நடந்தது. இருவர் எதிர்த்தனர், பத்து நாளாகச் சண்டையின்றி நிம்மதியாக இருந்ததாக ஒருவர் கூறினார். அவருடைய மனைவி, அதே குறைந்த குரலில், பத்து நாளாகத் தான் சேர்த்துவைத்திருப்பதை அவர் இனிக் கேட்பார் என்றாள். கைகள் உயர்ந்தன. “ஹரி, சரி! முடிஞ்சுது!” என்று ஐயாவு முழுக்குரலில் அறிவித்தார். அடுத்த கணம் யாரோ கூடைகளைப் புரட்டினார்கள். சேவல்கள் பாக்கிவைத்த விடியல்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூவித் தீர்த்தன.

“வழமையான சத்தம்” என்று கோபிகா இரைச்சலுக்கு மேலாகச் சொல்லிவிட்டுச் சென்றார். “கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.”

ஆனால், இயல்பாக இருக்கும்படி கட்டளையிட்டால் எவராலும் இயல்பாக இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை காலை மூன்றாம் லயம் தன் கடமையை மிகையாகவே செய்தது. அஜந்தனின் வானொலியுடன் மேலும் நான்கு வானொலிகள், ஒவ்வொன்றும் வெவ்வேறு நிலையத்தில் பாடின. ஐயாவு கோயில் ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து, இன்று வெள்ளிக்கிழமை என்பதை ஏழு முறை அறிவித்தார். பாத்திரம் தேவையில்லாதவர்களும் பாத்திரங்களைத் தட்டினார்கள். சுதர்ஷினி ஐந்து நிமிடமும் பாயில் படுத்தபடி சிரித்தாள். எண் நாற்பத்தொன்று.

“சிரிச்சா எண் சரியா வராது” என்றார் கோபிகா, தாமும் சிரிக்காமலிருக்க முயன்றபடி.

“நான் என்னங்க செய்றது? தலைவரு மைக்குல, ‘சுதர்ஷினி புள்ள, நிம்மதியா படு’ன்னு கத்துறாருங்க.”

சனிக்கிழமை விடியற்காலையில் எல்லோருக்கும் அலுத்துவிட்டது. ஒரு வானொலி மட்டும் பாடியது. நாலாம் காம்பராக் கிழவர் தலையணையின்றி இருமினார். இரண்டு பெண்கள் குடம் வைக்கும் முறையைப் பற்றிப் பீலிக்கரையில் சண்டையிட்டார்கள். சுதர்ஷினி கண்விழித்து, அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று அரைத்தூக்கத்தில் ஆராய்ந்தபடி, பட்டியைக் கட்டிப் படுத்தாள்.

எண் அறுபத்திரண்டு. சனவரி முதல் அதுவே மிக உயர்ந்தது.

பதினொன்றரை மணிக்கு நுஹ்மானின் மோட்டார் சைக்கிள் மருந்தக வாசலில் நின்றது. அவருக்கு முன்னரே சுதர்ஷினி வந்து, மேசையோர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். மலையிலிருந்து நேரே வந்தவள். விரல்களில் கொழுந்துச் சாறு காய்ந்து கறுத்திருந்தது.

“அறுவத்திரண்டாமே! தோட்டம் முழுக்கத் தெரியும். கடைத்தெருவுல ஸம்சுதீன் நானா தேத்தண்ணி ஊத்திக்கிட்டே செல்றாரு, ‘அறுவத்திரண்டு, அறுவத்திரண்டு’ன்னு. என்ன அறுவத்திரண்டுன்னு கேட்டா அவருக்குத் தெரியாது. எழுதுங்க டொக்டர்!”

“இருங்கோ” என்றார் கோபிகா.

அவர் உடனே எழுதாததற்குக் காரணம் இருந்தது. ஒரு காலையின் எண்ணை நம்பிக் கையொப்பமிடுபவர், ஒரு காலையின் எண்ணை நம்பி மறுக்கவும் கூடியவர். அவர் அந்த இரண்டையும் செய்ய விரும்பவில்லை. புதன்கிழமை ஐம்பத்தேழு, இன்று அறுபத்திரண்டு. இடையிலுள்ள தாழ்வுக்கு இப்போது காரணம் தெரியும். ஆனால், பத்து நாள் விடியற்காலையில் அஞ்சி விழித்த உடல், அதற்கான விலையை ஓட்டத்தின் நடுவே கேட்குமா? முந்திய ஆண்டும் தொடக்கத்தில் எல்லாம் சரியாகவே தோன்றியது.

“பட்டியைக் கட்டுங்கோ. தொழிற்சாலை வளைவுவரை ஏறி ஓடி வாங்கோ. முழு மூச்சா இல்லை. போட்டியில முதல் பாதியை எப்படி ஓடுவீங்களோ, அப்படி.”

சுதர்ஷினி படங்கை அவிழ்த்து நுஹ்மானின் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். உதவித்துரை அதை என்ன செய்வதென்று தெரியாமல் மார்போடு அணைத்தபடி நின்றார். வழியில் கொழுந்துப் பெண்கள் கூவினார்கள்: “ஏய் சுதர்ஷினி, அரைப்பேரா, முழுப்பேரா?” அவள் கையை மட்டும் ஆட்டினாள். மேலே வளைவில் ஒரு கணம் மறைந்து, மீண்டும் தெரிந்தாள். தோள்கள் தளர்ந்து, பாதங்கள் தரையுடன் வாதிடாமல், இறக்கத்தில் வந்த அந்த ஓட்டத்தைக் கோபிகா பார்த்துக்கொண்டே இருந்தார். சென்ற ஆண்டு இவள் ஓடியதை அவர் பார்த்திருக்கிறார். அப்போது ஒவ்வோர் அடியிலும் எதையோ நிறுத்துக்காட்டும் அவசரம் இருந்தது.

வாங்கில் உட்கார்ந்ததும் துடிப்பு இறங்கத் தொடங்கியது. கோபிகா கடிகாரத்தையும் அவளது மூச்சையும் மாறிமாறிக் கவனித்தார். முன்னொருபோதும் இறங்காத வேகத்தில் அது இறங்கியது. இறங்கிய சிறிது நேரத்திலேயே மூச்சுக்கு மூச்சு ஏறியும் தாழ்ந்தும் விளையாடத் தொடங்கியது.

“எப்படி இருக்கு?” என்றார்.

“பசிக்குதுங்க.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்லைங்க. கையெழுத்துப் போடுவீங்களா?”

“இனி ஓட்டத்து நாள்வரைக்கும் மெல்லோட்டம் மட்டும். முதல் நாள் ஒரு அடியும் கூடாது. ‘காலைக் கொஞ்சம் உதறினனான்’ எண்டுகூடச் சொல்லக் கூடாது. அதுக்குச் சம்மதம் எண்டால்தான்.”

“சத்தியமுங்க.”

“உங்கட சத்தியம் காணாது. அஜந்தனின்ர சத்தியமும் வேணும்.”

“அவரு ஏற்கெனவே வெளியில நிக்கிறாருங்க” என்றாள் சுதர்ஷினி. கதவுக்கு வெளியே அஜந்தன், கேட்காமலேயே, நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

கோபிகா எழுதத் தொடங்கினார். தோட்டத்தின் நடைமுறைப்படி தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதவேண்டியிருந்தது. மூன்றையும் எழுதி முடித்தபின், ஒன்றுக்கொன்று கருத்து மாறுபடுகிறதா என்று வரிவரியாக ஒப்பிட்டார். ஆங்கிலத்தில் ‘ஓடலாம்’ என்பது ‘ஓடக்கூடும்’ எனப் பொருள்படுமோ என்று ஐயுற்று, அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதினார். நுஹ்மான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்; படங்கை இன்னும் அணைத்திருந்தார்.

“டொக்டர், பன்னெண்டாகப் போகுது. எனக்கு இப்ப அறுவத்திரண்டு இல்ல, ரெண்டுதான் இருக்கும்.”

“ஒரு நிமிசம். முத்திரை நேராக விழவேணும்.”

முத்திரை நேராகவே விழுந்தது. அவர் அதன் கீழ்த் தம் பெயரை முழுமையாக எழுதிக் கையொப்பமிட்டு, திகதியிட்டு, மை உலரும்வரை தாளை விரல்களால் பிடித்திருந்தார். நுஹ்மான் கையை நீட்டினார். கோபிகா அவரைத் தாண்டி வாங்கின் பக்கம் திரும்பினார். சுதர்ஷினி எழுந்தாள், கறுத்திருந்த விரல்களைப் பாவாடையில் இரண்டுமுறை துடைத்து, பின்னர் இரு கைகளையும் நீட்டி, அந்தத் தாளை வாங்கிக்கொண்டாள்.